வயாவின் இம்பீடன்ஸ் எத்தனை ஓம் என்று கேட்பதற்கு முன்

அதிவேக சிக்னல் ஓடும் சர்க்யூட் போர்டு எதை வடிவமைத்தாலும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வந்துவிடும்: இந்த வயாவின் இம்பீடன்ஸ் எவ்வளவு? (வயா என்பது சிக்னலைப் போர்டின் ஒரு தாமிர அடுக்கிலிருந்து, அதாவது லேயரிலிருந்து, இன்னொன்றுக்கு இறக்கும் துளை. இம்பீடன்ஸ் என்பது அதில் ஓடும் சிக்னலின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதம்.) பதில் கிடைப்பதும் சுலபம். இணையத்தில் இலவசக் கால்குலேட்டர்கள் நிறைய இருக்கின்றன. துளையின் விட்டம், பேடின் விட்டம், போர்டின் தடிமன், டைஎலக்ட்ரிக் மாறிலி (போர்டின் மின்கடத்தாப் பொருள் அலையை எவ்வளவு மெதுவாக்கும் என்பதைக் காட்டும் எண்) என்று நாலைந்து எண்களைக் கொடுத்தால் ஒரு விடை வந்து நிற்கும். அது 50 ஓமுக்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதியாக அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம்.

பெரும்பாலான கால்குலேட்டர்கள் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. சிக்னல் இந்தத் துளை வழியாகக் கீழே இறங்குகிறது, சரி. அதற்கு இணையாகத் திரும்பிவர வேண்டிய மின்னோட்டம் எந்த வழியாக வருகிறது? இது தெரியாமல் வயாவுக்கு இம்பீடன்ஸ் சொல்லவே முடியாது. இம்பீடன்ஸ் என்பது எப்போதும் இரண்டு கடத்திகளுக்கு நடுவே இருக்கும் உறவு. ஒரு ட்ரேஸ், அதாவது போர்டில் ஓடும் தாமிரக் கோடு, 50 ஓம் என்று சொல்லும்போதே, அதற்குக் கீழே கிரவுண்ட் பிளேன் (கிரவுண்டோடு இணைந்த அகலமான தாமிரப் பரப்பு) எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதும் அந்த எண்ணுக்குள் அடங்கிவிடுகிறது. வயாவுக்கும் அதே விதிதான். ஆனால் அதன் இரண்டாவது கடத்தி எது என்பது வரைபடத்தில் பளிச்சென்று தெரிவதில்லை, அதனால் அதை மறந்துவிடுகிறோம்.

வயாவின் உறுப்புகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போர்டில் துளையிட்டு, அதன் உட்சுவரில் தாமிரம் பூசுகிறார்கள். அந்தத் தாமிரக் குழாய்தான் பேரல். ட்ரேஸ் வந்து சேரும் லேயரில் பேரலைச் சுற்றி ஒரு வட்டப் பேட் இருக்கும். வயா கடந்துபோகும் ஒவ்வொரு பிளேனிலும், அதைத் தொட்டுவிடாமல் இருக்க, தாமிரத்தை வட்டமாக வெட்டி எடுத்திருப்பார்கள். அந்த இடைவெளிக்குப் பெயர் ஆன்ட்டிபேட். சிக்னல் வெளியேறும் லேயருக்கும் கீழே பேரல் சும்மா தொங்கிக்கொண்டிருந்தால் அந்த மிச்சத்துக்கு ஸ்டப் என்று பெயர்.

கால்குலேட்டர்களுக்குள் பெரும்பாலும் இரண்டு பழைய சூத்திரங்கள்தான் இருக்கின்றன. 1990-களில் பாடநூல்கள் வழியாகப் பரவியவை. ஒன்று கெபாசிட்டன்ஸுக்கு (மின்னூட்டத்தைத் தேக்கும் அளவு): 0.0555 என்ற மாறிலியை டைஎலக்ட்ரிக் மாறிலியாலும், மில்லிமீட்டரில் போர்டின் தடிமனாலும், பேடின் விட்டத்தாலும் பெருக்கி, ஆன்ட்டிபேடுக்கும் பேடுக்கும் உள்ள விட்ட வித்தியாசத்தால் வகுத்தால் பிகோஃபாரடில் விடை வரும். இன்னொன்று இண்டக்டன்ஸுக்கு (மின்னோட்ட மாற்றத்தை எதிர்க்கும் அளவு): நீளத்தை நாலால் பெருக்கி, விட்டத்தால் வகுத்து, அதன் இயல் மடக்கையோடு ஒன்றைக் கூட்ட வேண்டும். அதை நீளத்தாலும் 0.2-ஆலும் பெருக்கினால் நானோஹென்றியில் விடை.

ஒரு சாதாரண வயாவை எடுத்துக்கொள்வோம். போர்டின் தடிமன் 1.6 மிமீ, துளை 0.25 மிமீ, பேட் 0.5 மிமீ, ஆன்ட்டிபேட் 0.8 மிமீ, டைஎலக்ட்ரிக் மாறிலி 4.3. கெபாசிட்டன்ஸ் சுமார் 0.64 பிகோஃபாரட். இண்டக்டன்ஸ் சுமார் 1.36 நானோஹென்றி. இண்டக்டன்ஸைக் கெபாசிட்டன்ஸால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 46 ஓம். பார்க்க அருமையான எண்.

இப்போது அதே இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்துப் பாருங்கள். சிக்னல் வயாவைக் கடக்க ஆகும் நேரம் கிடைக்க வேண்டும். கணக்கு 29 பிகோவினாடி என்கிறது. ஆனால் 4.3 மாறிலி கொண்ட பொருளில் 1.6 மிமீ தூரத்தை மின்காந்த அலை 11 பிகோவினாடியில் கடந்துவிடும். பிளேன்களின் கெபாசிட்டன்ஸ் சேர்ந்து அலையைக் கொஞ்சம் தாமதப்படுத்தும் என்று வைத்துக்கொண்டாலும் 29 வராது. ஆக, இரண்டு சூத்திரங்களும் தனித்தனியாக அளவை ஊதிக் காட்டுகின்றன. வகுக்கும்போது ஊதல் ஊதலோடு அடிபட்டுப் போவதால் ஓம் கணக்கு நம்பும்படி வந்து நிற்கிறது.

இண்டக்டன்ஸ் சூத்திரத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. நேரான தனிக் கம்பி ஒன்றின் இண்டக்டன்ஸை 1908-லேயே அமெரிக்கத் தரநிர்ணயக் கழகத்தின் எட்வர்ட் ரோசா கணக்கிட்டு வெளியிட்டார். அதன்படி, உயர் அதிர்வெண்ணில் மடக்கையிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும்; வயாவுக்கென்று புழங்கும் சூத்திரமோ ஒன்றைக் கூட்டுகிறது. கழித்துப் பார்த்தால் அதே வயாவின் இண்டக்டன்ஸ் 0.72 நானோஹென்றியாகவும் இம்பீடன்ஸ் 34 ஓமாகவும் இறங்கிவிடுகின்றன. ஒரு கூட்டல் குறி 12 ஓமைத் தூக்கிக் காட்டியிருக்கிறது.

குறியைத் திருத்திவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? ஆகாது. ரோசாவின் கணக்கு வெட்டவெளியில் தனியாக நிற்கும் கம்பிக்கானது. பக்கத்தில் திரும்பும் பாதை எதுவும் அதில் கிடையாது. உண்மையான வயாவில் மின்னோட்டம் ஒரு வளையமாகத்தான் ஓடும். வளையம் சிறியதானால் இண்டக்டன்ஸ் குறையும், பெரியதானால் கூடும். அந்த வளையத்தின் மறுபாதி எங்கே இருக்கிறது என்று தெரியாத சூத்திரத்தால் இண்டக்டன்ஸைச் சொல்ல வழியில்லை.

சரி, அந்த மறுபாதி எங்கேதான் இருக்கிறது? முதல் லேயரில் ஓடும் ட்ரேஸுக்கு இரண்டாவது லேயரின் கிரவுண்ட் பிளேன்தான் துணை. திரும்பும் மின்னோட்டம் ட்ரேஸுக்கு நேர் கீழே, பிளேனின் மேற்பரப்பை ஒட்டி ஓடுகிறது. ட்ரேஸ் வயா வழியாகப் பத்தாவது லேயருக்கு இறங்கினால் அங்கே துணை ஒன்பதாவது லேயர் பிளேன். திரும்பும் மின்னோட்டம் ஒரு பிளேனிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியாக வேண்டும். பக்கத்தில் இரண்டையும் இணைக்கும் கிரவுண்ட் வயா இருந்தால் அதன் வழியாகப் போகும். இல்லாவிட்டால் பிளேன்களுக்கு நடுவே உள்ள மின்கடத்தாப் பொருளுக்குள் இடப்பெயர்ச்சி மின்னோட்டமாகப் பரவும். அப்படிப் பரவும்போது வயா ஒரு சின்ன ஆன்டெனா மாதிரி இரண்டு பிளேன்களுக்கு நடுவே அலையைக் கிளப்பிவிடுகிறது. அந்த அலை வட்ட வட்டமாக விரிந்து, போர்டின் விளிம்பில் மோதித் திரும்புகிறது. 100 மிமீ நீளமுள்ள பிளேன் ஜோடிக்கு 4.3 மாறிலியில் முதல் ஒத்ததிர்வு சுமார் 0.72 கிகாஹெர்ட்ஸில் வரும். அதற்கு மேல் இன்னும் பல. அந்த அதிர்வெண்களில் உங்கள் வயாவின் நடத்தையை முடிவுசெய்வது போர்டின் நீள அகலம். அதே அலை, தூரத்தில் இருக்கும் இன்னொரு வயாவுக்குள் குறுக்கிரைச்சலாக நுழைவதும் இந்த வழியில்தான்.

கிரவுண்ட் வயா இல்லாத ஒரு சிக்னல் வயா, அளவெல்லாம் அதேதான் என்றாலும், போர்டின் ஓரத்தில் இருந்தால் ஒரு நடத்தை, நடுவில் இருந்தால் வேறு நடத்தை. இதற்கு “இத்தனை ஓம்” என்று எப்படிச் சொல்வது? இந்த இடத்தில் எனக்குச் சமரசம் கிடையாது: திரும்பும் பாதையை வரையாமல் வயாவை மாடல் செய்வது வீண்வேலை.

துணைப் பிளேன்களில் ஒன்று பவர், மற்றொன்று கிரவுண்ட் என்றால் நிலைமை இன்னும் மோசம். அவற்றை நேரடியாக வயாவால் இணைக்க முடியாது. நடுவே ஒரு கெபாசிட்டர் வைக்கலாம். ஆனால் அதன் பேட், வயா எல்லாம் சேர்ந்து தரும் இண்டக்டன்ஸ், கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் அதைப் பயனற்றதாக்கிவிடும். அதிவேக சிக்னலுக்கு இருபுறமும் கிரவுண்ட் பிளேனையே துணையாக வைப்பது இதனால்தான்.

கிரவுண்ட் வயாக்களை அருகிலேயே வைத்துவிட்டால் கணக்கு பிடிபடத் தொடங்குகிறது. ஒற்றை சிக்னல் வயாவைச் சுற்றி நாலு கிரவுண்ட் வயா நட்டால், வீட்டுக்கு வரும் கேபிள் டிவி வயரின் குறுக்குவெட்டு போல ஆகிவிடும்: நடுவில் ஒரு கம்பி, சுற்றிலும் கிரவுண்ட். அந்த வகை வடத்துக்கு இம்பீடன்ஸ், 60-ஐ டைஎலக்ட்ரிக் மாறிலியின் வர்க்கமூலத்தால் வகுத்து, வெளி, உள் விட்டங்களின் விகிதத்தின் இயல் மடக்கையால் பெருக்கினால் கிடைக்கும். 4.3 மாறிலியில் 50 ஓம் வேண்டுமென்றால் அந்த விகிதம் 5.6 ஆக இருக்க வேண்டும். 0.25 மிமீ துளைக்கு வெளி விட்டம் 1.4 மிமீ. மேலே பார்த்த 0.8 மிமீ ஆன்ட்டிபேடையே வெளிச்சுவராக வைத்துக்கொண்டால் 34 ஓம்தான் வருகிறது. பிளேன்கள் நெருக்கமாக அடுக்கப்பட்ட போர்டுகளில் ஆன்ட்டிபேடின் விளிம்பே கிட்டத்தட்ட வெளிச்சுவராக ஆகிவிடுவதால், நிஜ வயாக்கள் 50-க்குக் கீழே இருப்பதுதான் வழக்கம். ஆன்ட்டிபேடைப் பெரிதாக்கச் சொல்வதன் காரணம் இதுதான். நாலு வயா என்பது முழுச் சுவர் இல்லை, அதனால் இம்பீடன்ஸ் சற்று மேலே போகும். பிளேன்கள் அதைக் கீழே இழுக்கும். உண்மையான எண் இந்த இழுபறிக்கு நடுவே எங்கோ இருக்கும்.

ஒரே சிக்னலை நேரும் எதிருமாக இரண்டு கம்பிகளில் அனுப்பும் ஜோடி சிக்னலுக்குக் கதை இன்னும் நல்லது. இரண்டு வயாக்களும் ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில் மின்னோட்டத்தைச் சுமப்பதால் ஒன்றின் திரும்பும் பாதை பெரும்பாலும் மற்றொன்றுதான். இரட்டைக் கம்பிச் சூத்திரப்படி, 0.25 மிமீ துளைகள் 1 மிமீ இடைவெளியில் இருந்தால் 119 ஓம், 0.8 மிமீ இடைவெளியில் 106 ஓம். வழியில் இருக்கும் பிளேன்கள் இதைக் குறைக்கும். கணினிக்குள் சிப்களையும் அட்டைகளையும் இணைக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸுக்குப் பொதுவாக 85 ஓமும், ஈதர்நெட் வகைகளுக்கு 100 ஓமும் இலக்கு. அதற்கேற்ப இரண்டு வயாவையும் உள்ளடக்கிய ஒரே நீள்வட்ட ஆன்ட்டிபேடை அகட்டியும் குறுக்கியும் சரிசெய்கிறார்கள். ஜோடி என்பதால் கிரவுண்ட் வயா தேவையில்லை என்று சிலர் விட்டுவிடுகிறார்கள். ஜோடியின் இரண்டு கால்களும் துல்லியமாகச் சமமாக இருப்பது வரைபடத்தில் மட்டும்தான். மிஞ்சும் பொதுப்பாங்கு மின்னோட்டத்துக்கு, அதாவது இரண்டு கால்களிலும் ஒரே திசையில் ஓடும் பகுதிக்கு, கிரவுண்ட் வயா வேண்டும்.

எவ்வளவு அருகில்? பிசிஐ எக்ஸ்பிரஸ் 5.0-இன், வினாடிக்கு 32 கிகா டிரான்ஸ்ஃபர் வேகத்துக்கு நைக்விஸ்ட் அதிர்வெண் (வேகத்தில் பாதி) 16 கிகாஹெர்ட்ஸ். அதில் போர்டுக்குள் அலைநீளம் சுமார் 9 மிமீ. கிரவுண்ட் வயா 2 மிமீ தள்ளி இருந்தாலே கால் அலைநீளத்தை நெருங்கிவிடுகிறது. அதற்குமேல் தள்ளிப்போனால் அது வயாவின் துணை என்ற தகுதியை இழந்துவிடும்.

இதுவரை பேசியது சிக்னல் ஓடும் பகுதியைப் பற்றி. ஸ்டப் தனி விஷயம். அதை இம்பீடன்ஸ் என்ற எண்ணுக்குள் அடக்கவே முடியாது. இதைப் புரிந்துகொள்ள பேக்பிளேன்களின் வரலாறு உதவும். பெரிய சுவிட்ச், ரூட்டர் பெட்டிகளின் முதுகில் இருக்கும் 5, 6 மிமீ தடிமனான போர்டுகள் அவை. 2002-இல் ஐட்ரிபிள்ஈ அமைப்பின் 802.3ஏஈ ஈதர்நெட் தரத்தோடு வந்த ஸாவி இணைப்பில் ஒரு லேனுக்கு, அதாவது ஒரு சிக்னல் தடத்துக்கு, வினாடிக்கு 3.125 கிகாபிட். நைக்விஸ்ட் 1.56 கிகாஹெர்ட்ஸ்தான். 5 மிமீ ஸ்டப் தொங்கினாலும் பெரிய பாதகம் இல்லை. 2007-இல் 802.3ஏபி தரம், ஒரு மீட்டர் பேக்பிளேன் வழியாக ஒரே லேனில் 10.3125 கிகாபிட் அனுப்ப வழி வகுத்தது. நைக்விஸ்ட் 5.16 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவியது.

ஸ்டப்பின் முனை திறந்திருப்பதால் அங்கே போன அலை முழுதாகத் திரும்பிவரும். ஸ்டப்பின் நீளம் கால் அலைநீளம் ஆகும் அதிர்வெண்ணில், போய்வரும் தூரம் அரை அலைநீளம். திரும்பிய அலை நேரெதிர் கட்டத்தில் வந்து மூல சிக்னலை அழித்துவிடும். வெளியே இருந்து பார்த்தால் அந்த இடத்தில் ட்ரேஸைக் கிரவுண்டோடு குறுக்கே இணைத்த மாதிரி இருக்கும். பிளேன்களின் சுமையையும் சேர்த்துப் பயனுறு மாறிலியை 6 என்று எடுத்தால் 5 மிமீ ஸ்டப்புக்கு அது 6.1 கிகாஹெர்ட்ஸில் நிகழும். 5.16-க்குப் பக்கத்தில். அந்தப் பள்ளம் அகலமானதும்கூட, அதனால் 5 கிகாஹெர்ட்ஸிலேயே சிக்னல் பலமாக அடிவாங்கும். முன்பு தயங்காமல் ஓடிய அதே போர்டு, அதே வயா, வேகம் மும்மடங்கானதும் தடுமாறியது. ஸ்டப்பைப் பின்பக்கமிருந்து பெரிய துளைக்கருவியால் குடைந்து எடுக்கும் பேக் டிரில் வேலை இத்தகைய பேக்பிளேன்களுக்குத் தவிர்க்க முடியாததாக ஆன காரணம் இதுதான். பயனுறு மாறிலியை 4.3 என்றே வைத்துக் கணக்கிட்டால் விடை 7.2 கிகாஹெர்ட்ஸ் என்று வந்து, இன்னும் இடம் இருப்பதாக ஒரு பொய்யான தைரியம் கொடுத்துவிடும்.

மாறிலி ஏன் கூடுகிறது என்பதற்குப் பிளேன்களின் சுமை ஒரு காரணம். இன்னொரு காரணம் போர்டின் உள்ளமைப்பு. போர்டுகளுக்குப் பரவலாகப் பயன்படும் எஃப்ஆர்-4 வகைப் பொருளில் கண்ணாடி நூல் நெசவும் பிசினும் அடுக்கடுக்காக இருக்கின்றன. கண்ணாடியின் மாறிலி 6-க்கு மேல், பிசினுடையது 3-ஐ ஒட்டி. ட்ரேஸின் மின்புலம் மேலிருந்து கீழாக இரண்டையும் மாறி மாறிக் கடக்கிறது. வயாவின் மின்புலமோ பக்கவாட்டில், கண்ணாடி அடுக்கின் வழியாகவே நீளமாக ஓடுகிறது. அதற்குத் தெரியும் மாறிலி பத்து, இருபது சதவீதம் அதிகம். தயாரிப்பாளர் தரும் தாள்களில் பொதுவாக ட்ரேஸுக்குப் பொருந்தும் எண்தான் இருக்கும். அதை அப்படியே வயாவுக்கும் போட்டுவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

அளந்து பார்த்துவிட்டால் தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். டிடிஆர் கருவி ஒரு படிச் சிக்னலை அனுப்பி, திரும்பும் அலையை வைத்து இம்பீடன்ஸை வரைந்து காட்டும். நம் 1.6 மிமீ வயா 34 ஓம், கடக்க 11 பிகோவினாடி என்று வைத்துக்கொள்வோம். போய்வர 22 பிகோவினாடி. கருவியின் எழுச்சி நேரம், அதாவது அந்தப் படி மேலேற எடுக்கும் நேரம், 35 பிகோவினாடி என்றால் பள்ளம் முழு ஆழத்தை எட்டும் முன்பே அடுத்த பக்கத்து ட்ரேஸின் எதிரொலி வந்து அதை நிரப்பிவிடும். திரையில் 39 ஓம் தெரியும். நீளமான கேபிள்களைக் கடந்து எழுச்சி நேரம் 100 பிகோவினாடி ஆகிவிட்டால் அதே வயா 46 ஓம் என்று காட்டும். கால்குலேட்டர் சொன்ன அதே 46! தவறான சூத்திரமும் மெதுவான கருவியும் ஒரே எண்ணில் சந்தித்துக் கைகுலுக்கிக்கொண்டால், கணக்கு அளவோடு ஒத்துப்போய்விட்டது என்று ஒருவர் அறிக்கை எழுதுவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. டிடிஆர் எண்ணைச் சொல்லும்போது எழுச்சி நேரத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாத எண்ணை நான் கணக்கில் எடுப்பதில்லை.

அடுத்தது முப்பரிமாண மின்காந்த மென்பொருள். எச்எஃப்எஸ்எஸ், சிஎஸ்டி, சிம்பியோர் போன்றவை மேக்ஸ்வெல் சமன்பாடுகளை நேரடியாகத் தீர்த்து எஸ்-அளவுருக்களைத் (ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எவ்வளவு சிக்னல் கடக்கிறது, எவ்வளவு திரும்புகிறது என்ற எண்கள்) தருகின்றன. வயாவுக்கு ஒற்றை ஓம் எண்ணைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இங்கேயும் முதலில் கேட்ட கேள்வி நம்மை விடாது. வயாவைச் சுற்றி ஒரு பெட்டி அளவுக்குப் போர்டை வெட்டியெடுத்துத்தான் கணக்குப் போடுகிறோம். அந்தப் பெட்டியின் சுவர் எங்கே இருக்க வேண்டும்? நான் எல்லோருக்கும் சொல்லும் ஒரு சோதனை: பெட்டியை ஒருமுறை இரண்டு மடங்கு அகலமாக்கி மறுபடியும் ஓட்டிப் பாருங்கள். விடை அப்படியே இருந்தால் திரும்பும் மின்னோட்டம் கிரவுண்ட் வயாக்களுக்குள் அடங்கியிருக்கிறது. அந்த மாடலை நம்பலாம். விடை மாறினால் மின்காந்தப் புலம் பெட்டிக்கு வெளியே ஓடப் பார்க்கிறது என்று அர்த்தம். அப்போது மென்பொருள் கணக்குக்காகப் போர்டைத் துண்டுதுண்டாகப் பிரிக்கும் வலையை நுணுக்கமாக்கிப் பயனில்லை, வடிவமைப்பில் கிரவுண்ட் வயாக்களைச் சேர்க்க வேண்டும்.

எல்லா வயாவுக்கும் முப்பரிமாணக் கணக்குப் போட நேரம் இருக்காது. 2006-இல் டிசைன்கான் என்ற சர்க்யூட் வடிவமைப்பு மாநாட்டில் ஐபிஎம் ஆய்வாளர்கள் இடம்பெற்ற குழு ஒரு நடுவழியை முன்வைத்தது. வயாவைப் பிளேன் ஜோடிகளாகப் பிரித்து, ஒவ்வொரு ஜோடிக்கும் வயாவுக்கும் பிளேனுக்கும் இடையிலான கெபாசிட்டன்ஸையும், அந்த ஜோடியின் இணைத்தட்டு இம்பீடன்ஸையும் போட்டு, அடுக்கிக்கொண்டே போவது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், திரும்பும் பாதை மாடலுக்குள்ளேயே ஓர் உறுப்பாக இருக்கிறது. மறக்க நினைத்தாலும் மறக்க முடியாது.

மாடலில் போடும் அளவுகளிலும் கவனம் வேண்டும். வரைபடத்தில் எழுதியிருப்பது பெரும்பாலும் முடிவுத்துளையின் விட்டம், அதாவது தாமிரம் பூசியபின் மிஞ்சும் ஓட்டை. மின்காந்தப் புலத்துக்குத் தெரிவது பேரலின் வெளிப்பக்கம்; அது துளைக்கருவியின் விட்டம். இரண்டுக்கும் 0.05 முதல் 0.1 மிமீ வரை வித்தியாசம் வரலாம், மேலே சொன்ன மடக்கைக் கணக்கில் அது சில ஓம்களை நகர்த்தும். பேரலுக்கு உள்ளே வெற்றிடமா, பிசின் நிரப்பியிருக்கிறார்களா என்பதைப் பற்றி அதிவேக சிக்னலுக்குக் கவலைப்பட வேண்டாம். 1 கிகாஹெர்ட்ஸில் தாமிரத்துக்குள் மின்னோட்டம் 2 மைக்ரான் ஆழம்தான் இறங்கும். பூச்சு 20, 25 மைக்ரான் இருக்கிறது. ட்ரேஸ் இணையாத உள்லேயர்களில் இருக்கும் வெற்றுப் பேட்களை மட்டும் நீக்கச் சொல்லிவிடுங்கள். அவை கெபாசிட்டன்ஸைக் கூட்டுவதைத் தவிர சிக்னலுக்கு எதுவும் செய்வதில்லை.

மெதுவான சிக்னல்களுக்கு இந்தப் பாடு எதுவும் வேண்டாம். எழுச்சி நேரம் 1 நானோவினாடி என்றால் 11 பிகோவினாடி வயா அதன் கண்ணிலேயே படாது. ஐ-ஸ்கொயர்-சி, எஸ்பிஐ போன்ற மெதுவான சிப் இணைப்பு வயர்களுக்கு வயா மாடல் கேட்பவர்களிடம் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கடைசியாகத் தயாரிப்பு. பேக் டிரில் செய்யும் கருவி மூலத் துளையைவிட 0.2 மிமீ அளவுக்குப் பெரியது. ஆழத்தில் கொஞ்சம் முன்பின் ஆகும் என்பதால் சிக்னல் லேயரை வெட்டிவிடாமல் இருக்க 0.25 மிமீ போல ஒரு ஸ்டப்பை விட்டுவைப்பார்கள். மாடலில் ஸ்டப்பே இல்லை என்று போடாமல், தயாரிப்பாளர் ஒப்புக்கொள்ளும் அதிகபட்ச மிச்சத்தைப் போட வேண்டும். முதல் தொகுதிப் போர்டு வந்ததும் ஓரத்தில் வைத்த சோதனை வயாக்களை அளந்து, பிறகு அவற்றையே குறுக்கே அறுத்து, துளை விட்டம், மிஞ்சிய ஸ்டப், ஒவ்வொரு லேயரின் உண்மையான தடிமன் ஆகியவற்றை நுண்ணோக்கியில் பார்த்து, அந்த எண்களோடு மாடலை மறுபடி ஓட்ட வேண்டும். வரைபட அளவுகளோடு ஒத்துப்போகாத மாடல் பலசமயம் அறுத்துப் பார்த்த அளவுகளோடு ஒத்துப்போய்விடும். அப்படி ஒத்துப்போன மாடலை அடுத்த போர்டுக்கும் எடுத்துப் போகலாம், லேயர் அடுக்கும் கிரவுண்ட் வயாக்களின் இடமும் மாறாதவரை.